ஈராசிரியர் பள்ளியில் மின் தொகுப்பேடு: ஜூன் முதல் ஏப்ரல் வரை படிப்படியாக

கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைத்துக் கற்பிக்கிறேன். மூன்று கல்வியாண்டுகளாக இந்தக் குழந்தைகளுக்கு மின் தொகுப்பேடு (டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ) வைத்து வருகிறேன். ஆர்வத்தோடு இதைத் தொடங்கிவிட்டு ஆகஸ்டுக்குள் கைவிட்ட ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுக்கிய இடம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் நாளே செயலியைத் தரவிறக்கினார்கள்; கண்ணில் பட்ட நோட்டையெல்லாம் படமெடுத்து ஏற்றினார்கள். ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்ந்தன. எது யாருடையது, எதற்காக எடுத்தது என்று எடுத்தவருக்கே தெரியவில்லை.

குழந்தை தானே தேர்ந்தெடுத்த சில வேலைகள், ஒவ்வொன்றையும் பற்றி அது தன் வாயால் சொன்ன விளக்கம், இரண்டுக்கும் தேதி. இவ்வளவுதான் தொகுப்பேடு. எந்தச் செயலி என்ற கேள்வி கீழே ஏழாவது படியில்தான் வருகிறது. அதுவரை பொறுத்திருங்கள்.

1. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

படமெடுக்க ஒரு கருவி போதும். பள்ளிக்கென்று கைக்கணினி இருந்தால் அதையே எடுங்கள். சொந்தக் கைபேசியில் எடுத்தால் வீட்டுக் கல்யாணப் படங்களுக்கு நடுவே குழந்தைகளின் நோட்டுகள் கலந்துவிடும். தானியங்கிக் காப்பு வசதி அவற்றை உங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றிவிடும். வேறு வழியில்லை என்றால் அந்த வசதியை முதலில் அணைத்து வையுங்கள்.

தொகுப்பேட்டுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை மின்னஞ்சல், ட்ரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. உங்கள் பழைய கணக்கில் பாதி இடம் ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

அந்த இடம் போதுமா என்று இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படம் சுமார் 3 எம்பி, ஒரு நிமிடக் குரல் பதிவு சுமார் 1 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 குழந்தைகள், 10 மாதம், மாதம் ஒரு படமும் ஒரு பதிவும் என்றால் மொத்தம் 800 எம்பிதான். அதையே ஒரு நிமிட வீடியோவாக எடுத்தால் ஒவ்வொன்றும் 100 எம்பியைத் தாண்டும். ஆண்டு முடிவதற்குள் 20 ஜிபி ஆகிவிடும். எனவே வீடியோ வேண்டாம்.

இவற்றோடு குழந்தைக்கு ஓர் அட்டைக் கோப்பு, லென்ஸ் துடைக்கப் பழைய பருத்தித் துணி, மின்சாரம் போனால் உதவ ஒரு பவர் பேங்க் வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். நான் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கி ஐந்து குழந்தைகளை மட்டும் பார்க்கிறேன். நான்கு வாரத்தில் இருபது பேருக்கும் ஒரு முறை வந்துவிடும். எல்லோரையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் பதினோராவது குழந்தையிடம் பேசும்போது உங்களுக்குக் காது கேட்காது.

2. பெற்றோரின் ஒப்புதல்

ஒரு படம்கூட எடுப்பதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தன் பிள்ளையின் குரல் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை ஒரு தாய்க்கு உண்டு.

படிவத்தைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்தோடு திரும்பி வரும் என்று காத்திருக்காதீர்கள். வரும், ஆனால் படிக்காமல் போட்ட கையெழுத்தாக வரும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கொழுந்து எடை போட்டு முடிந்த பிறகு மாலையில் கூட்டம் வைத்தால்தான் தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்கள் வர முடியும். எங்கள் கூட்டத்தில் ஒரு தாய் நான் படித்ததைப் படுகு மொழியில் மற்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கேள்விகள் வந்தன.

படிவத்தில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: வேலையைப் படமெடுக்கலாமா? குரலைப் பதிவு செய்யலாமா? ஒன்றுக்குச் சம்மதித்து மற்றொன்றை மறுக்க அவர்களுக்கு வழி இருக்க வேண்டும்.

முகத்தைப் படமெடுக்க நான் அனுமதியே கேட்பதில்லை, ஏனென்றால் எடுப்பதில்லை. சுற்றுலா வருபவர்கள் சாலையோரத்தில் காரை நிறுத்தி இந்த மலைக் குழந்தைகளைக் கேட்காமலே படமெடுப்பதை அடிக்கடி பார்க்கிறோம். பள்ளியிலாவது அவர்களுக்கு அதிலிருந்து விடுதலை வேண்டும். தொகுப்பேட்டுக்கு முகம் தேவையும் இல்லை. கையும் தாளும் போதும்.

மறுத்தவரின் குழந்தைக்கு அட்டைக் கோப்பில் அதே தொகுப்பேடு நடக்கட்டும். தேர்வு, உரையாடல் எல்லாம் மற்றவர்களைப் போலவே. அந்தக் குழந்தை ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நிலை வரவே கூடாது.

3. முதல் மாதம் காகிதத்தில் மட்டும்

ஜூன் முழுவதும் கருவியை வெளியே எடுக்காதீர்கள். தேர்ந்தெடுப்பது குழந்தைக்குப் புதிய பழக்கம். திரையும் கூடவே வந்தால் கவனம் முழுவதும் திரைக்குப் போய்விடும்.

மாதக் கடைசியில் குழந்தை தன் கோப்பிலிருந்து மூன்று வேலைகளைத் தரையில் பரப்பி, அவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால் அது தேர்வாகாது. பத்து இருந்தால் மேலே கிடப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். மூன்று வைத்தபோதுதான் குழந்தைகள் மாற்றி மாற்றிப் பார்ப்பதைக் கண்டேன்.

இந்த இடத்தில் ஆசிரியர் செய்யும் தவறு, அழகான தாளை நோக்கிக் குழந்தையைத் தள்ளுவது. நானும் செய்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், மலை ரயில் ஓவியம் ஒன்று பளிச்சென்று இருக்கும்போது, அழித்தழித்துக் கிழிந்த ஒரு கணக்குத் தாளைக் கையில் வைத்திருந்தான். அம்மா இரண்டு நாள் பறித்த கொழுந்து: 18 கிலோ, 23 கிலோ. மொத்தம் என்ற இடத்தில் முதலில் 311 என்று எழுதியிருந்தான். எட்டும் மூன்றும் பதினொன்று, ஒன்றும் இரண்டும் மூன்று. பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகாமல் அப்படியே பக்கத்தில் வைத்துவிட்டான். அதை அடித்துவிட்டு 41 என்று திருத்தியிருந்தான்.

"ஓவியத்தை எடுக்கலாமே" என்றேன். அவன் தாளை விடவில்லை. "முந்நூற்றுப் பதினொரு கிலோவை அம்மாவால் தூக்க முடியாது டீச்சர், அதனால்தான் திரும்பக் கூட்டினேன்" என்றான். தன் விடையைத் தன் வாழ்க்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தெரிந்த குழந்தை அவன். ஓவியத்தை எடுக்க வைத்திருந்தால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அன்றிலிருந்து தேர்வு நடக்கும்போது நான் தாள்களைத் தொடுவதில்லை.

4. கோப்புறையும் பெயரும்

குழந்தைக்கு ஒரு கோப்புறை. அதன் பெயராகச் சேர்க்கை எண்ணை வையுங்கள். வருகைப் பதிவேட்டு எண் ஆண்டுதோறும் மாறும். சேர்க்கை எண் ஐந்தாம் வகுப்பு வரை மாறாது. குழந்தையின் பெயர், ஆதார் எண், பள்ளிக் கல்வித் துறை தரும் எமிஸ் எண் எதுவும் கோப்புப் பெயரில் வரக் கூடாது. கோப்பு தவறிப்போய் வேறு கைக்குச் சென்றாலும் யாருடையது என்று தெரியாமல் இருக்க வேண்டும்.

கோப்புக்கு 2025-07-கணக்கு என்ற வரிசையில் பெயர் வையுங்கள். ஆண்டும் மாதமும் முன்னால் இருந்தால் கணினியே கால வரிசையில் அடுக்கிவிடும். படம் எடுத்த அன்றே பெயர் மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வராது.

5. படம் எடுத்தல்

ஜூலையில் கருவியை எடுக்கலாம். முதலில் கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பள்ளி இருக்கும் இடம் எழுதப்பட்டிருக்கும்.

தாளை மேசையில் வைத்துக் குனிந்து எடுத்தால் உங்கள் நிழலே விழும். வராந்தாத் தரையில், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். பென்சில் எழுத்து மங்கலாக இருந்தாலும் பக்க வெளிச்சத்தில் தெரியும். தெரியவில்லை என்பதற்காகக் குழந்தையை அதன் மேல் மறுபடி எழுதச் சொல்லாதீர்கள். அழித்த தடமும் தொகுப்பேட்டின் பகுதிதான்.

பனிமூட்டம் இறங்கிய நாளில் வெளிச்சம் சீராகப் பரவும். தாளை எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. ஆனால் லென்ஸ் மீது ஈரம் படியும். ஒவ்வொரு படத்துக்கும் முன்பு துணியால் துடைப்பதைக் குழந்தையின் வேலையாகவே வைத்துவிடுங்கள்.

படத்தைக் குழந்தையே எடுக்கட்டும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் விறைத்த ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. குழந்தை தன்மீதுதான் தவறு என்று நினைத்து அழுத்தி அழுத்திக் குத்தும். ஸ்வெட்டரில் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

6. குரல் பதிவு

இதுதான் உயிர். படத்தில் குழந்தை என்ன செய்தது என்று தெரியும். என்ன நினைத்தது என்று குரலில்தான் தெரியும். ஒரு வேலைக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை.

இடம் முதலில். தகரக் கூரையில் மழை விழும்போது எதுவும் கேட்காது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரையும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் காலை முதல் பாடவேளைக்குள் பதிவை முடிப்பது நல்லது. காலியான வகுப்பறையில் எதிரொலிக்கும். சத்துணவுக்கான அரிசி மூட்டைகள் அடுக்கிய மூலைதான் எங்கள் பள்ளியில் பதிவுக்கு நல்ல இடம். மூட்டைகள் ஒலியை வாங்கிக்கொள்கின்றன. மற்ற பிள்ளைகளின் பார்வையும் அங்கே படாது.

பதிவுச் செயலியின் அமைப்பில் எம்பி3 அல்லது வேவ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பல கைபேசிகள் தாமாகவே வேறு வடிவத்தில் சேமிக்கும். ஏழாவது படியில் நாம் பயன்படுத்தப் போகும் கூகுள் ஸ்லைட்ஸ் அந்தக் கோப்பை ஏற்றுக்கொள்ளாது. இருபது பதிவுகளை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட முதலிலேயே பார்த்துக்கொள்வது எளிது.

அடுத்தது கேள்வி. "இதில் உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற ஒரே பதில்தான் இருபது முறை வரும். நான் கேட்பவை: எங்கே ரப்பர் வைத்து அழித்தாய்? அழிப்பதற்கு முன் அங்கே என்ன இருந்தது? இன்னொரு முறை செய்தால் எதை மாற்றுவாய்? முதல் கேள்வி கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒன்றைப் பற்றியது. கூச்சப்படும் குழந்தைகூட விரலால் தொட்டுக் காட்டும். விரல் நகர ஆரம்பித்தால் பேச்சும் வந்துவிடும்.

கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் இரண்டு எண்ணுவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம்.

மொழி விஷயத்தில் தயவுசெய்து கண்டிப்பு வேண்டாம். எங்கள் வகுப்பில் படுகு பேசும் வீடுகளும் உண்டு. தேயிலை லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில், தமிழ் பேசும் வீடுகளும் உண்டு. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கன்றுக்குட்டியை வரைந்திருந்தாள். தமிழில் கேட்டபோது "கன்று" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டாள். வீட்டில் பேசுவது போலச் சொல் என்றேன். கன்றுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, இரவெல்லாம் பாட்டி அதன் பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று ஒன்றரை நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவள் அக்காவிடம் கேட்டு அதன் சாரத்தை இரண்டு வரி தமிழில் எழுதிக்கொண்டேன். அந்த ஒரு சொல்லோடு பதிவை நிறுத்தியிருந்தால், பேச்சுத் திறன் குறைவு என்று நானே குறித்து வைத்திருப்பேன்.

பதிவு ஓடும்போது உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். மறுபதிவு ஒரே ஒரு முறைதான். நான்கைந்து முறை எடுத்தால் குழந்தை உங்கள் வாக்கியத்தை ஒப்பிக்கத் தொடங்கிவிடும். பெயரைச் சொல்லித் தொடங்கும் பழக்கமும் வேண்டாம். "இது ஜூலை மாதம்" என்று தொடங்கட்டும்.

7. இப்போது செயலி

வகுப்பில் ஒரே கருவி, இணையம் வந்தும் வராமலும் இருக்கிறது என்றால் ட்ரைவ் கோப்புறைகளும் ஸ்லைட்ஸும் போதும். குழந்தைக்கு ஒரு ஸ்லைட்ஸ் கோப்பு, மாதத்துக்கு ஒரு பக்கம்: படம், குரல், குழந்தை எழுதிய ஒரு வாக்கியம். குரலைச் செருகும் வேலையைக் கணினியில் செய்யுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஸ்லைட்ஸ் கோப்பைப் பெற்றோருடன் பகிர்ந்தால் மட்டும் குரல் கேட்காது. ட்ரைவில் இருக்கும் குரல் கோப்பையும் அவர்களுடன் பகிர வேண்டும்.

கருவிகள் சில இருந்து, இணையமும் ஓரளவு நிலையாக இருந்தால் சீசா (Seesaw) செயலி சிறு குழந்தைகளுக்கு ஏற்றது. மின்னஞ்சல் இல்லாமல் க்யூஆர் குறியீட்டைக் காட்டி உள்ளே போகலாம். படத்தின் மேலேயே பேசிப் பதிவு செய்யலாம். ஆசிரியர் ஒப்புதல் தந்த பிறகே குடும்பத்துக்குத் தெரியும்படி வைக்கலாம். ஆனால் மூலக் கோப்புகளின் நகல் ஒன்றை உங்களிடம் வைத்திருங்கள். இலவசச் சேவையின் விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

13 வயது ஆகாத குழந்தைக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கூகுள் கணக்கு தொடங்குவது நிறைய இடங்களில் நடக்கிறது. குழந்தை இணையத்தில் கற்கும் முதல் பாடம் பொய் சொல்வதாக இருக்கக் கூடாது. ஆசிரியரின் கணக்கு ஒன்றே போதும். எல்லோரும் பார்க்கும்படி இணையதளம் அமைப்பதும் தொடக்கப் பள்ளிக்குத் தேவையில்லை.

வாக்கியத்தைக் குழந்தை தானே தட்டச்சு செய்யட்டும். பேசினால் எழுதித் தரும் வசதியோ, எழுதியதை மெருகேற்றித் தரும் வசதியோ இங்கே வேண்டாம். ற, ர குழப்பம் ஜூலையில் எப்படி இருந்தது, பிப்ரவரியில் எப்படி ஆனது என்று பார்க்கத்தானே இவ்வளவு பாடும். இயந்திரம் திருத்திக் கொடுத்தால் அந்தத் தடம் போய்விடும்.

8. பதிவேற்றம்

வகுப்பு நேரத்தில் ஏற்ற வேண்டாம். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பாடவேளை போய்விடும். வகுப்பில் சேகரியுங்கள், வாரம் ஒரு நாள் இணையம் நன்றாக வரும் இடத்தில் ஏற்றுங்கள். எங்களுக்கு அது பள்ளிக்கு மேலே உள்ள சாலை வளைவு.

ஏற்றியவுடன் கருவியிலிருந்து அழிக்காதீர்கள். வேறொரு கருவியில் அந்தக் கோப்பைத் திறந்து, படம் தெரிகிறதா, குரல் கடைசி வரை கேட்கிறதா என்று பார்த்த பிறகு அழியுங்கள். மழைக்காலத்தில் பாதியில் நின்றுபோன பதிவேற்றம் பெயரளவில் பட்டியலில் தெரிவதுண்டு. பென் டிரைவில் ஒரு நகலும் இருக்கட்டும்.

9. பெற்றோருக்குக் காட்டுதல்

இதற்கு ஜனவரி ஏற்ற மாதம். உறைபனியில் கொழுந்து குறைந்து தோட்ட வேலையும் குறையும். பெற்றோர் வர முடியும். குடும்பத்துக்குப் பத்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துத் திரையில் காட்டினால் அது பிள்ளைகளை ஒப்பிடும் கூட்டமாகிவிடும்.

குழந்தைதான் காட்ட வேண்டும். முதலில் ஜூலைப் பதிவு, உடனே டிசம்பர்ப் பதிவு, நடுவில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். கன்றுக்குட்டி வரைந்த சிறுமி தன் பழைய குரலைக் கேட்டதும் திரைக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, "அப்போது நான் சின்னக் குழந்தை" என்றாள். அவள் பாட்டி மறுபடியும் போடச் சொன்னார். மூன்று முறை கேட்டார்.

வர முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்புங்கள். வகுப்புக் குழுவில் போடவே கூடாது. ட்ரைவ் இணைப்பை அனுப்புவதானால் அனுப்பும் முன் வேறொரு கணக்கில் திறந்து பாருங்கள். முதல் ஆண்டில் ஒரு தாய்க்கு அவர் பிள்ளையின் கோப்புறைக்குப் பதிலாக, அதற்கு மேலே உள்ள வகுப்புக் கோப்புறையின் இணைப்பை அனுப்பிவிட்டேன். இருபது குழந்தைகளின் பதிவுகளும் அதில் திறந்து கிடந்தன. அவரே அழைத்துச் சொன்னதால் உடனே மூட முடிந்தது. மற்ற குடும்பங்களிடம் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பை வகுப்புக் கோப்புறைக்கு ஒருபோதும் தராதீர்கள்.

10. ஏப்ரலில் முடித்து வைத்தல்

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் குழந்தைகளின் தொகுப்பேட்டைக் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும். பெற்றோரின் கைபேசியில் மெமரி கார்டு இருந்தால் அதில் நேரடியாக நகலெடுத்துக் கொடுங்கள். இணைப்பாகக் கொடுத்தால் நீங்கள் கணக்கை மூடும் நாளில் அவர்களிடம் எதுவும் இருக்காது. அட்டைக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். இங்குள்ள ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் காயவைத்துத் தாருங்கள்.

மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளின் கோப்புறைகள் அடுத்த ஆண்டுக்குத் தொடரும். உங்களுக்கு இடமாறுதல் வந்தால் கணக்கின் கடவுச்சொல்லைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்து வடிவில் ஒப்படைத்து, உங்கள் கருவியிலிருந்து வெளியேறுங்கள்.

ஒப்படைத்த குழந்தைகளின் கோப்புகளைப் பெற்றோர் திறந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ட்ரைவிலும் பென் டிரைவிலும் அழியுங்கள். ஒப்புதல் வாங்கியபோது ஐந்தாம் வகுப்பு முடிவில் அழிப்போம் என்று சொல்லியிருப்பீர்கள். ட்ரைவில் அழித்தவை குப்பைப் பெட்டியில் 30 நாள் கிடக்கும். அன்றே அதையும் திறந்து காலி செய்துவிடுங்கள்.